ராகு காலத்தில் பற்றவைத்தவளுக்கு

தாயி,

உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டியதைத் தாளில் எழுதுகிறேன். நேரில் பேச உட்கார்ந்தால் மூன்றாவது வார்த்தையில் நான் கத்த ஆரம்பித்துவிடுவேன், நீ எழுந்து ஆட்டுக்குட்டிக்குத் தழை போடப் போய்விடுவாய். இத்தனை வருடமாக நம் வீட்டில் இதுதானே நடக்கிறது. மாதா கோயில் பூசையில் உங்கள் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை இரண்டு தடவை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை இந்த ஞாயிறு. அதற்கு முன் இதை நீ படித்துவிட வேண்டும் என்றுதான், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையெழுத்துப் போட மட்டுமே பேனா பிடித்த நான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, உயிலா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தை மாதம் உன்னைப் பெண் பார்க்க வடமதுரையிலிருந்து வந்தார்களே, அன்று நீ அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் ஒன்று கேட்டார். "புள்ள கல்யாணத்துக்கு அப்புறமும் இந்தக் காட்டு வேல, தீ வைக்கிற வேலைக்கெல்லாம் போகுமா?" நான் ஒரு நொடி யோசிக்கவில்லை. "அதெல்லாம் கல்யாணம் முடிஞ்சா விட்டுரும். நா வாக்குத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன். நீ காபி கொண்டுவந்தபோது மாப்பிள்ளையின் அம்மா உன் இடது கைத் தழும்பைப் பார்த்துவிட்டுப் பிறகு என்னிடம் மெதுவாக விசாரித்தார். பலகாரம் சுடும்போது எண்ணெய் தெறித்தது என்றேன். உனக்குப் பதிலாக ஒரு வாக்கு, உன் கையைப் பற்றி ஒரு பொய், இரண்டையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுக் கேசரி சாப்பிட்டேன்.

அந்த வாக்கு மட்டும் நின்றிருந்தால், பதினான்கு பேர் உன் சொல்லுக்கு நிற்கிற தீத்தடுப்புக் குழுத் தலைவி இல்லாமல் போயிருக்கும். நீ ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து மலைப்பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பாய். ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை நானே நாலு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பயந்து என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. அந்தத் தழும்புக்குப் பயந்துதான் சொன்னேன். அது எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் என் வாயால் சொல்லி நீ கேட்டதில்லை. இப்போது கேள்.

கன்னிவாடி மலையடிவாரத்து மேய்ச்சல் நிலத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும் மண்டி, ஆள் நுழைய முடியாமல் கிடந்த காலம் அது. புல் செத்துப்போனது. மாடுகள் முள்ளைச் சுற்றிக்கொண்டு வந்தன. கோடையில் மலையில் ஒரு பொறி விழுந்தால் அந்தப் புதரைப் பிடித்துக்கொண்டு நேரே தென்னந்தோப்புக்கும் ஆட்டுப்பட்டிக்கும் இறங்கிவிடும். அதனால்தான் குழு அமைத்தார்கள். பனிக்காலம் முடிகிற சமயத்தில், வனக்காப்பாளரை வைத்துக்கொண்டு, மலைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு நீளப் பட்டையை நாமே முந்திக்கொண்டு எரித்துவிட வேண்டும். கோடையில் தீ வந்தால் தின்ன ஒன்றுமில்லாமல் அங்கேயே நின்றுவிடும். அதற்கு நான் தலைவன். எனக்கு என்ன தகுதி? சத்தமாகப் பேசுவேன், அதுதான் தகுதி.

முதல் வருடம் நான் செய்த கோமாளித்தனம் உனக்கு நினைவிருக்கும். உண்ணிச்செடியை வெட்டவே வேண்டாம், நின்ற நிலையில் கொளுத்தினால் போதும் என்று கொளுத்தினேன். ஊரே கைதட்டியது. ஐப்பசி மழை பெய்ததும் ஒவ்வொரு தூரிலிருந்தும் பத்துப் பத்துக் கிளையாக வெடித்து, முன்னைவிட இரண்டு மடங்கு நின்றது. தாவரவியல் படிக்கப் போன நீ, "அப்பா, நீங்க அதுக்கு முடிவெட்டி விட்டிருக்கீங்க" என்றாய். உன்னை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஓங்கினேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம்.

இரண்டாம் வருடம்தான் அது நடந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வரிசையில் நிற்பேன், திங்கட்கிழமை காலண்டர் தாளைக் கிழித்ததும் நல்ல நேரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். சாமியார் கேட்டால் குழுவில் இருக்கிறவர்களுக்காகப் பார்க்கிறேன் என்று சொல்லத் தயாராக ஒரு பதில் வைத்திருந்தேன். உண்மையில் எனக்காகத்தான் பார்த்தேன். அன்றைக்கு நல்ல நேரம் பத்தேகாலோடு முடிகிறது. பனி விலகாமல் புல் ஈரமாகவே இருந்தது. காத்திருந்தோம். பத்து மணிக்குத்தான் புல் காய்ந்தது. அதற்குள் காற்றும் திரும்பிவிட்டது. குழுவில் இருந்த பஞ்சவர்ணம் என்னிடம் வந்து, "அண்ணே, காத்து மலப்பக்கமிருந்து வருதுண்ணே. செத்த நேரம் பொறுப்போம்" என்றது. "நேரம் தப்புது, நீ வாய மூடு" என்று சொல்லிவிட்டுப் பத்தேகாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பற்றவைத்தேன். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். எனக்குப் போனது, அதுதான் கேடு.

தீ எங்களைத் தாண்டிக் கீழே குதித்தது. பட்டையை ஒட்டிக் கீழே இருந்த காளிமுத்துவின் வைக்கோல் படப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்திலேயே அவன் ஆட்டுப்பட்டி, ஆடெல்லாம் கட்டிக் கிடந்தது. எங்களுக்குச் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்த நீ தூக்குவாளியை எறிந்துவிட்டு உள்ளே ஓடிக் கயிற்றை அறுத்துவிட்டாய். ஆடு எல்லாம் பிழைத்தது. உன் கை வெந்தது. ஆசுபத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம், "என்ன செய்ய, காத்து துரோகம் பண்ணிருச்சு" என்றேன். பஞ்சவர்ணம் என்னைப் பார்த்தது. நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். காற்று அன்று ஒரு துரோகமும் செய்யவில்லை, தாயி. நான் வரச் சொல்லியிருந்த நேரத்துக்கு அது வரவில்லை, அவ்வளவுதான். ஊரெல்லாம் முட்டி வலி என்று சொல்லித் தலைவர் வேலையை விட்டேன். எனக்கு முட்டி வலியே கிடையாது. இன்றைக்கும் மலையேறினால் உன்னை முந்துவேன்.

பிறகு நீ படித்து முடித்து, வெளியூரில் பயிற்சிக்குப் போய்வந்து, குழு உன்னைத் தலைவியாக்கியபோது நானும் கடைசி ஆளாகப் பேர் கொடுத்தேன். உன்னைக் கண்காணிக்கத்தான். மறைக்க என்ன இருக்கிறது? முதல் நாளே நீ எங்கள் எல்லோரையும் மண்ணில் உட்கார வைத்து உண்ணிச்செடியின் தூரைத் தோண்டிக் காட்டினாய். மேலே வெட்டினால் துளிர்க்கும், மண்ணுக்குக் கீழே நாலு விரல்கடை இறங்கி வேரை வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் செத்துப்போகும். குருவி பழத்தைத் தின்றுவிட்டு வந்து உட்கார்கிற மரத்தடியில் விதை முளைக்கும், அதனால் மழைக்குப் பிறகு மரத்தடி மரத்தடியாகப் போய்ப் பிடுங்க வேண்டும். பிடுங்கின இடத்தைச் சும்மா விடக் கூடாது, கொழுக்கட்டைப் புல் விதை தூவ வேண்டும். இரண்டு மழையில் புல் முழங்கால் உயரம் வந்தது. மாடுகள் மறுபடியும் உள்ளே போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. தூசி விழுந்துவிட்டது என்று கண்ணைக் கசக்கினேன்.

இந்த வருடத்துக்கு வருகிறேன். உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போய் ஒரு மாதம் இருக்கும். பட்டையின் இரண்டு ஓரத்தையும் மண் தெரியச் செதுக்கிவிட்டோம். எரிக்கிற நாளும் குறித்தாகிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் தேங்காயும் சூடமுமாக வந்து நின்றார், வனக்காப்பாளர் வந்தார், ஊரில் பாதி வேடிக்கை பார்க்க வந்தது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீ காற்றுப் பார்க்க மூங்கில் கம்பில் கட்டின பழைய சேலைத் துண்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாய். கையகல இடத்தில் கொஞ்சம் புல்லைக் கொளுத்திப் பார்த்தாய். புகை ஒரு பக்கம் போய், நின்று, இன்னொரு பக்கம் போனது. மிதித்து அணைத்துவிட்டுச் சொன்னாய், "தேங்காய ஒடைங்க, சாமி கும்புடுங்க. தீய மட்டும் இன்னைக்கு வைக்க வேண்டாம்."

தீயை அடித்து அணைக்கிற இலைக்கொத்தோடு நின்ற எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம். அவ்வளவு பேருக்கும் முன்னால், "ஏத்தா, ஊரையே கூட்டி வச்சிட்டு வெளையாடுறியா, நேரம் போகுது, பத்த வையி" என்று கத்தினேன். பட்டும் புத்தி வராத ஜென்மம் நான். நீ கத்தவில்லை. என் பக்கத்தில் வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாய், "இங்க நா எங்கப்பாகிட்டப் பேசல. குழுவுல ஒரு ஆளுகிட்டப் பேசுறேன். இலைக்கொத்தக் கீழ வச்சிட்டு மரத்தடியில போயி உக்காருங்க." பஞ்சவர்ணம் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. நான் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஒருவர் சொல்லி நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அன்று மதியத்துக்கு மேல் காற்று கிறுக்குப் பிடித்துச் சுழன்று அடித்தது. வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரிந்தது, ஆனாலும் மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவன் நான்.

தினமும் மூன்று மணிக்கு வரச் சொன்னாய், காற்றைப் பார்த்தாய், வீட்டுக்குப் போகச் சொன்னாய். ரெட்டியார்சத்திரம் டீக்கடை வரை நம் பேச்சுதான். "இது தீ வைக்கிற குழுவா, வைக்காத குழுவா?" என்று என்னிடமே கேட்டார்கள். ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. மூன்றரை மணிக்குச் சேலைத் துண்டு ஒரே பக்கமாக, அசையாமல், மலையைப் பார்த்து நீண்டது. நீ "இப்ப" என்றாய். பஞ்சாயத்துத் தலைவர் பதறிப்போய், "ஏத்தா, செவ்வாக்கெழம மூணரை, நல்ல ராகு காலம்த்தா" என்றார். "ராகு வந்தா அவருக்கும் ஒரு இலைக்கொத்து குடுங்கண்ணே, ஆளு பத்தல" என்றாய். அந்த இடமே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகப் பற்றவைத்துவிட்டாய்.

நான் செய்ததுபோல் காற்று தள்ளிக்கொண்டு போகும்படி வைக்கவில்லை நீ. மலைப்பக்கத்து ஓரத்தில் வைத்து, காற்றை எதிர்த்து எங்கள் பக்கம் மெதுவாக ஊர்ந்து வர விட்டாய். தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற மாடு மாதிரி வந்தது. பொழுது சாய்வதற்குள் கன்னங்கரேலென்று ஒரு பட்டை, ஓடை முதல் கரடு வரைக்கும். காளிமுத்து வேலிக்கு அப்பால் நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தான். என்னோடு பேசுவதை அவன் விட்டு ஏழு வருடம்.

ஈஸ்டர் முடிந்த வாரம் மலையில் தீப்பிடித்தது. யார் விட்ட பொறியோ தெரியாது. மதியம் பன்னிரண்டு மணி, மேல்காற்று, மூன்று இடத்திலிருந்து இறங்குகிறது. நீ எங்களைப் பட்டைக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தி, "யாரும் உள்ள போகக் கூடாது. அது வரட்டும். தாண்டி விழுற பொறியத்தான் பாக்கணும்" என்றாய். அது வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பனை உயரம். நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கறுத்த பட்டைக்கு வந்ததும் தீ இப்படியும் அப்படியும் தேடியது. தின்ன ஒரு துரும்பு இல்லை. படுத்துவிட்டது. அப்படியே படுத்துவிட்டது, தாயி. நாலு பொறிதான் தாண்டி விழுந்தது. ஒன்று காளிமுத்துவின் புதுப் படப்புக்கு நாலடி தள்ளி. நீ என் பெயரைச் சொல்லிக் கத்தினாய், "அப்பா" என்று கூடக் கூப்பிடவில்லை, முழுப் பெயர். நான் முதுகில் தண்ணீர் டப்பாவோடு ஓடி அதை அணைத்தேன். ஒரு தோப்பு போகவில்லை, ஒரு ஆடு போகவில்லை, ஒருவருக்கும் ஒரு கொப்புளம் கூட இல்லை.

எல்லாம் முடிந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது காளிமுத்து ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அன்னைக்கும் ஒம் மவ சொல்லித் தீ வச்சிருந்தா, எம் படப்பு தப்பிச்சிருக்கும்" என்றான். திட்டவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான். நான் அவனிடம், பஞ்சவர்ணமும் மற்றவர்களும் இருக்கும்போதே, "அன்னைக்குக் காத்து மேல தப்பில்லப்பா. எம்மேலதான்" என்றேன். நீ அப்போது ஓடைப்பக்கம் கங்கு கிடக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன். அந்த மோரைக் குடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்னொரு இடத்திலும் போய் வாயைத் திறக்க வேண்டும் என்று. தைரியம் வர இத்தனை நாள் ஆனது.

நேற்று வடமதுரைக்குப் போனேன். திண்டுக்கல்லில் பஸ் மாறி உட்கார்ந்ததிலிருந்து சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஓலை வாசித்த கல்யாணம் நின்றால் உன்னை என்ன பேசுவார்கள் என்று உன் அம்மா காலையில் அழுதாள். அழுதுகொண்டேதான் எனக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்தாள். சம்பந்தி, சம்பந்தியம்மா, மாப்பிள்ளை மூன்று பேரும் அவர்களுடைய இரும்புக் கடையில்தான் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. "எம் மக கையில இருக்கிறது எண்ணெ தெறிச்ச தழும்பு இல்ல. நா வச்ச தீ. என் அவசரத்தால வந்தது. அவ வேலய விட்டுருவான்னு ஒங்களுக்கு வாக்குக் குடுத்தது அவளக் கேக்காமக் குடுத்தது. அத நா திருப்பி வாங்கிக்கிறேன். அவ அந்த வேலய விடக் கூடாது. அவ இல்லேன்னா எங்க பக்கம் இந்த வருசம் சாம்பலாத்தான் கெடந்திருக்கும். இதுக்கு மேல கல்யாணம் வேண்டாம்னாலும் சொல்லிருங்க" என்றேன். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன்.

சம்பந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "வாக்குன்னா ஒரு மதிப்பு வேணாமா?" என்றார். நியாயமான கேள்வி. அப்போது மாப்பிள்ளை கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "அப்பா, பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே மாமா மக எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க. கை எப்படி வெந்துச்சுங்கிறதையும், வேலய விட மாட்டேங்கிறதையும். நானும் அம்மாவும் சரின்னுட்டோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க வாக்குக் குடுத்தத நா அவங்ககிட்டச் சொன்னேன் மாமா. ஒங்ககிட்ட அப்பவே பேசலாம்னேன். அவங்கதான், 'வேணாம், எங்கப்பா கத்துவாரு, ஆனா கடைசில அவரே வந்து மாத்திச் சொல்லுவாரு, பொறுங்க'ன்னாங்க" என்றார். அப்போதுதான் உட்கார்ந்தேன். கடைப் பலகையில் உட்கார்ந்து, ஆணிப் பெட்டிகளுக்கு நடுவில், பத்துப் பேர் வந்து போகிற இடத்தில் அழுதேன் என்றால் நீ நம்ப வேண்டும். புத்தி கெட்டவன் என்று தெரிந்தும் என்மேல் இம்புட்டு நம்பிக்கை வைத்திருக்கிறாயே, அதற்கு நான் என்ன செய்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் அப்பன், சொல்லாமல் இருக்க முடியாது. புது வீட்டில் யாராவது உனக்காக முடிவெடுத்தால், அவர்கள் பாசத்தால்தான் எடுக்கிறார்கள் என்று சும்மா இருந்துவிடாதே. நானும் பாசத்தால்தான் எடுத்தேன். என்னை மரத்தடியில் உட்கார வைத்த மாதிரி அவர்களையும் உட்கார வை, ஆனால் முதலில் காபி கொடுத்துவிட்டு உட்கார வை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் காலையில் சாப்பிடாமல் ஓடாதே.

நான் அழுது முடித்ததும் சம்பந்தி என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். சம்பந்தியம்மா எனக்குச் சாப்பாடு போட்டார். கைகழுவிவிட்டு வந்தபோது சம்பந்தி மெதுவாக ஆரம்பித்தார். "எங்க ஊருக் கொளத்துலயும் சீமக்கருவ மண்டிக் கெடக்கு. தண்ணி நிக்க மாட்டேங்குது. கல்யாணம் முடிஞ்சு குழுவக் கூட்டிட்டு வந்து ஒரு வழி பண்ணிக் குடுக்குமா ஒங்க புள்ள?" என் வாயில் "அதெல்லாம் வருவா" என்று பாதி வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அத நீங்க அவகிட்டத்தான் கேக்கணும் சம்பந்தி" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவரே வந்து கேட்கிறாராம்.

அப்பா